சைக்கிள் பெடலும் ஷூவும் ஒத்துப்போகவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம்

ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கால் கழன்று வரவில்லை, முட்டி வலிக்கிறது, டக் டக்கென்று சத்தம் வருகிறது என்று எந்தப் புகாராக இருந்தாலும் முதல் வேலை இதுதான். சத்தத்துக்குக் காரணம் தேடிப் பெடலை அக்கு அக்காகப் பிரித்து அரை நாளை வீணாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். பெடல் அவ்வளவு சீக்கிரம் கெடாது. தேய்வது, இளகுவது, தப்பாகப் பொருந்துவது எல்லாம் பெரும்பாலும் ஷூவுக்கு அடியில் போல்ட்டால் பூட்டி, பெடலில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சின்னத் துண்டு, அதாவது கிளீட்.

கால் பெடலில் மாட்டிக்கொள்ளும் இந்த வகைக்குக் ‘கிளிப்லெஸ்’ என்று பெயர். மாட்டிக்கொள்வதற்குக் கிளிப் இல்லாதது என்று பெயரா என்று குழம்ப வேண்டாம். முன்பு பெடலின் முன்னால் கால்விரலைச் சொருகிக்கொள்ள ஒரு கூண்டும் வாரும் இருந்தன. அந்தக் கூண்டுதான் கிளிப். அது இல்லாததால் கிளிப்லெஸ்.

சரி, அடிப்பக்கத்தில் என்ன தெரிகிறது? இரண்டு நீளக் காடிகள் இணையாக ஓடினால் அது இரண்டு போல்ட் ஷூ. ஷிமானோ நிறுவனம் 1990இல் மலைப்பாதை சைக்கிள்களுக்காகக் கொண்டுவந்த எஸ்பிடி என்ற பெடல் இந்த வகை. கிராங்க் பிரதர்ஸ் பெடல்களும் டைம் நிறுவனத்தின் ஆட்டாக் பெடல்களும் இதே துளைகளைத்தான் பயன்படுத்துகின்றன. மூன்று துளைகள் முக்கோணமாக இருந்தால் ரோடு ஷூ, அதாவது சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிளுக்கானது. பனிச்சறுக்குப் பலகையில் காலைப் பூட்டும் சாதனங்களைச் செய்துவந்த லுக் நிறுவனம் 1984இல் அதே யோசனையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு வருடம் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற பிறகு பந்தயக்காரர்கள் மெல்ல மெல்லக் கூண்டைக் கழற்றிப் போட்டார்கள். நான்கு துளைகள் இருந்தால் ஸ்பீட்பிளே என்ற பெடலுக்கானது. துளையோ துளையை மூடிய தகடோ இல்லாமல் வெறும் ரப்பர் என்றால் சாதாரணத் தட்டைப் பெடலுக்கான ஷூ.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புகள் இரண்டு. ஷூவும் கிளீட்டும் சேர்வது ஒன்று, கிளீட்டும் பெடலும் சேர்வது இன்னொன்று. முதலாவது பொருந்திவிட்டால் இரண்டாவதும் பொருந்திவிடும் என்று நினைப்பதில்தான் பாதித் தொல்லைகள் தொடங்குகின்றன.

கிளீட் ஷூவில் உட்காரவே மாட்டேன் என்கிறது

புது ஷூ வாங்கி, அடிப்பக்கத்தில் துளையே காணோமே என்று சிலர் திகைப்பதுண்டு. இரண்டு போல்ட் ஷூக்கள் பலவற்றில் கிளீட் உட்காரும் இடத்தை ஒரு ரப்பர்த் தகடு மூடியிருக்கும். சிலவற்றில் அதைத் திருகிக் கழற்றலாம். சிலவற்றில் விளிம்பில் ஓடும் கோட்டின் மேலேயே கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். அதற்கு முன் ஷூவுக்குள் விரித்திருக்கும் உள்ளங்காலணியைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். உள்ளே, மரை உள்ள சின்ன உலோகத் தகடு முன்னும் பின்னும் நகர வேண்டும். ஒருமுறை நான் கீழிருந்து போல்ட்டைத் திருகிக்கொண்டே இருந்தேன், பிடிக்கவே இல்லை. அந்தத் தகடு ஷூவுக்குள் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது.

மூன்று துளை ஷூவில் இரண்டு போல்ட் கிளீட்டைப் போட வேண்டும் என்றால் அதற்குத் தனி இணைப்புத் தகடு உண்டு. போடலாம். ஆனால் கிளீட் ரப்பருக்குள் பதுங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், நடக்கும்போது தரையில் உரசும். தலைகீழாக, இரண்டு துளை ஷூவில் ரோடு கிளீட்டை மாட்ட முயல்வது வீண் வேலை. அந்தப் பெரிய பிளாஸ்டிக் கிளீட் உட்காருவதற்கு அடிப்பக்கத்தில் சமமான இடமே இருக்காது. ஸ்பீட்பிளே கிளீட்டை மட்டும் நான்கு துளை ஷூவிலும், அடியில் ஒரு தகடு வைத்து மூன்று துளை ஷூவிலும் போட முடியும்.

போல்ட் இறுகிவிட்டது, ஆனால் பெடலில் ‘டக்’ என்று விழவில்லை

கிளீட் ஒரு குடும்பம், பெடல் வேறு குடும்பம். இது அடிக்கடி நடக்கும். லுக்கின் கியோ கிளீட்டையும் ஷிமானோவின் ரோடு வகையான எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலிருக்கும். ஒரே மூன்று துளைகள், ஒரே மாதிரி முக்கோணம். ஆனால் ஒன்றின் மூக்கு மற்றதன் பெடலில் சரியாக உட்காராது. அரைகுறையாக மாட்டிக்கொண்டதுபோல் தோன்றினாலும் அதை நம்பி ஏறாதீர்கள். லுக்கிலேயே பழைய டெல்டாவும் பிற்காலத்துக் கியோவும் ஒன்றுக்கொன்று சேராது. வீட்டுக்குள் ஓட்டும் பெலோட்டான் பயிற்சி சைக்கிளில் வருவது டெல்டா வகை. ரோடு சைக்கிளுக்குக் கியோ கிளீட் போட்ட அதே ஷூவோடு அதில் ஏறினால் மாட்டாது. பெடலையோ கிளீட்டையோ குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு போல்ட் வகையிலும் இதே கதைதான். கிராங்க் பிரதர்ஸ் கிளீட் பித்தளையில் இருக்கும், எஸ்பிடி கிளீட் எஃகில் இருக்கும், இரண்டுக்கும் ஒரே துளைகள். ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று நடக்காது. பெடல் வாங்கும்போது பெட்டிக்குள் வந்த கிளீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

குடும்பம் சரியாக இருந்தும் மாட்டவில்லையா? எஸ்பிடி கிளீட்டின் கூரான முனை ஷூவின் முன்பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள். இது சரி என்றால், ரப்பர் அடியைச் சந்தேகப்படுங்கள். தடித்த பல் வைத்த மலைப்பாதை ஷூவும், சுற்றிலும் சட்டம் வைத்த பெடலும் சேர்ந்தால், கிளீட் பெடலைத் தொடுவதற்கு முன்பே ரப்பர் பல் சட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஷூவைக் காலில் போடாமல் கையில் பிடித்துப் பெடலில் அழுத்துங்கள். ரப்பரில் எந்த இடம் முதலில் நசுங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்த இடத்தில் ரப்பரைக் கொஞ்சம் கத்தியால் சீவலாம், அல்லது கிளீட்டுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்தலாம். நான் தகட்டையே முதலில் வைத்துப் பார்ப்பேன். சீவியது திரும்பி வராது.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. ரப்பர் எங்குமே பெடலைத் தொடாமல், கிளீட் என்ற அந்த ஒரு சின்ன உலோகத்தின் மேல் மட்டும் பாதம் நின்றால், படகில் நிற்பதுபோல் இடமும் வலமும் ஆடும். ரப்பர் பெடலை லேசாகத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. ஒரு தாளை நடுவில் வைத்துக் கிளீட்டை மாட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள். உரசிக்கொண்டு வெளியே வந்தால் அளவு சரி. கிழிந்தால் இறுக்கம் அதிகம். எதுவும் தட்டாமல் தானாக விழுந்தால் இடைவெளி அதிகம்.

மாட்டிய கால் கழன்று வரவில்லை

இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. நின்றபடியே, மணிக்குப் பூச்சியம் கிலோமீட்டர் வேகத்தில், வேரோடு சாயும் வாழைமரம்போல் மெதுவாக விழுந்திருக்கிறேன். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினேன். ஷூ அழகாகத் திரும்பியது, ஆனால் கால் விடுபடவில்லை. இன்னும் திருப்பினேன். குதிகால் சைக்கிளின் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றது, அப்போதும் விடவில்லை. அதற்குள் சைக்கிள் சாய்ந்துவிட்டது. எழுந்து, ஷூவின் வாரை அவிழ்த்துக் காலை மட்டும் உருவி எடுத்தேன். ஷூ பெடலிலேயே தொங்கியது. திருப்பிப் பார்த்தால் இரண்டு போல்ட்டில் ஒன்று இல்லை. எங்கோ வழியில் விழுந்திருக்கிறது. மிச்சமிருந்த ஒற்றைப் போல்ட்டை அச்சாக வைத்துக்கொண்டு ஷூ மட்டும் சுற்றியிருக்கிறது, கிளீட் பெடலைக் கவ்வியபடி அசையாமல் இருந்திருக்கிறது.

ஆகவே கால் வரவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: குதிகால் திரும்புகிறதா, திரும்பவே மறுக்கிறதா?

வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பியும் விடவில்லை என்றால் கிளீட் போல்ட் இளகியிருக்கிறது அல்லது விழுந்துவிட்டது. காலை ஷூவிலிருந்து உருவிக்கொள்ளுங்கள். பெடலின் பின்பக்கம், கிளீட்டைக் கவ்வும் கொக்கியின் இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் சின்ன ஆலன் திருகு (தலையில் ஆறுமூலைக் குழி உள்ளது) இருக்கும். எஸ்பிடியில் அதற்குப் பொதுவாக 3 மி.மீ. சாவி. அதை முடிந்த அளவு தளர்த்துங்கள். அப்புறம் ஷூவைப் பெடலின் மேல் பலமாக அழுத்திக்கொண்டே திருப்புங்கள். மேலே இழுக்கத்தான் கை போகும், இழுக்காதீர்கள். அழுத்தும்போது ரப்பருக்கும் கிளீட்டுக்கும் இடையே பிடிப்பு கூடி, கிளீட்டும் சேர்ந்து திரும்பும். அதற்கும் மசியவில்லை என்றால் தட்டை முனை ஸ்க்ரூடிரைவரால் பின்பக்கக் கொக்கியைப் பின்னால் நெம்பினால் வந்துவிடும்.

திரும்பவே மறுத்தால் காரணம் வேறு. இழுவிசை அதிகமாக இருக்கலாம், கொக்கிக்கும் கிளீட்டுக்கும் நடுவில் ஒரு கல் சிக்கியிருக்கலாம், ரப்பர் பல் பெடல் சட்டத்தில் மாட்டியிருக்கலாம். பழகும் காலத்தில் இழுவிசைத் திருகைக் கடைசி வரை தளர்த்தி வைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஷிமானோவில் இன்னொரு வழியும் இருக்கிறது. எஸ்எச்51 என்ற கிளீட் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். எஸ்எச்56 பல திசைகளிலும் விடும், குதிகாலைத் தூக்கி இழுத்தாலும் விடும். முதல் மாதத்துக்கு 56 நல்லது. மேட்டில் எழுந்து நின்று இழுத்து மிதிக்கும் பழக்கம் வந்த பிறகு அது திடீரென்று விட்டுவிடக்கூடும், அப்போது 51க்கு மாறிக்கொள்ளலாம்.

கிராங்க் பிரதர்ஸ் வகையில் இழுவிசைத் திருகு கிடையாது. அதற்குப் பதில் வலது, இடது கிளீட்டுகளை இடம் மாற்றிப் போட்டால் விடும் கோணம் மாறும். ஒரு விதத்தில் போட்டால் 15 டிகிரியிலும், மாற்றிப் போட்டால் 20 டிகிரியிலும் விடும். டைம் ஆட்டாக்கிலும் இந்த வித்தை உண்டு, அங்கே 13, 17 டிகிரி. புதுக் கிளீட் போட்டதும் “முன்னே மாதிரி கழலவில்லையே” என்று தோன்றினால், பழையதைக் கழற்றியபோது பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

போல்ட்டை இறுக்க 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். போடுவதற்கு முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். முதல் சவாரி முடிந்து வந்ததும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதுக் கிளீட் ரப்பரில் அழுந்தி உட்காரும்போது போல்ட் கட்டாயம் கொஞ்சம் இளகும். நான் விழுந்ததற்குக் காரணமே இதைச் செய்யாததுதான்.

கேட்காமலே கழன்றுவிடுகிறது

மேட்டில் பலமாக மிதிக்கும்போது கால் தெறித்து வெளியே வருவது, வராமல் மாட்டிக்கொள்வதைவிட ஆபத்து. எல்லோரும் உடனே இழுவிசையைக் கூட்டுவார்கள். அதற்கு முன் கிளீட்டைப் பாருங்கள். எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டில் மூலைகளில் இருக்கும் நிறப் பட்டைகள் தேய்ந்து மறையத் தொடங்கினால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ரோடு கிளீட்டுகள் பிளாஸ்டிக், நடப்பதால்தான் தேய்கின்றன, ஓட்டுவதால் அவ்வளவாக இல்லை. தேநீருக்கு நிறுத்தி நூறு அடி நடப்பவருக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுபவரைவிடச் சீக்கிரம் கிளீட் போய்விடும். ரப்பர் உறை ஒன்று வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

எஃகுக் கிளீட்டின் தேய்மானம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. முன் முனையை விரலால் தடவிப் பாருங்கள். புதிதில் மொழுக்கென்று இருந்த விளிம்பு கத்திபோல் கூராகியிருந்தால் மாற்ற வேண்டும். பித்தளை அதைவிட மிருதுவானது, அது பெடலைத் தேய்ப்பதற்குப் பதில் தானே தேய்ந்துகொள்கிறது. ஒருவிதத் தியாகம்தான். கிளீட்டை மட்டும் மாற்றினால் பெடல் தப்பிக்கும்.

சேற்றில் ஓட்டிய பிறகு மட்டும் கழல்கிறது என்றால் தேய்மானத்தைத் தேட வேண்டாம். கிளீட் பள்ளத்தில் அப்பிய மண்ணைக் குச்சியால் நோண்டி எடுங்கள், போதும்.

முட்டி வலி

கிளீட் போட்ட பிறகு, அல்லது ஷூ மாற்றிய பிறகு வலி வந்திருந்தால் மட்டுமே இங்கே சொல்வது பொருந்தும். பெடல் மாற்றுவதற்கு முன்பே வலி இருந்தது, வீக்கம் இருக்கிறது, ஓட்டாத நாளிலும் வலிக்கிறது என்றால் ஆலன் கீயைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சாதாரண ஷூவில் பாதம் தன் இஷ்டப்படி திரும்பிக்கொள்ளும். கிளீட் மாட்டியதும் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் அசைவுக்கு ஃப்ளோட் என்று பெயர்: கழலாமலேயே குதிகால் இடமும் வலமும் எவ்வளவு டிகிரி ஆடலாம் என்பதுதான் அது. ஷிமானோவின் ரோடு கிளீட்டில் சிவப்பு 0 டிகிரி, நீலம் 2, மஞ்சள் 6. லுக் கியோவில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. சிவப்பைக் கவனித்தீர்களா? ஒரு வீட்டில் சிவப்பு என்றால் அசையவே விடாதது, இன்னொரு வீட்டில் அதிகமாக அசைய விடுவது. “நண்பர் சிவப்புதான் நல்லது என்றார்” என்று வாங்கி வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. வலி வந்தவர்கள் முதலில் தங்கள் கிளீட் எத்தனை டிகிரி என்று பார்த்து, அசைவு அதிகமுள்ளதற்கு மாறிப் பார்க்கலாம்.

அசைவு இருந்தும் வலி என்றால் கோணத்தைப் பாருங்கள். மேசை விளிம்பில் உட்கார்ந்து, தொடை மேசை மேல் இருக்க, காலைத் தொங்கவிடுங்கள். பாதங்கள் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கின்றன? கொஞ்சம் வெளியே பார்க்கலாம், இரண்டு பாதங்களும் ஒரே அளவு பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. பெடலிலும் அதே கோணம் வர வேண்டும். கிளீட்டை இரண்டு ஷூவிலும் அடிக்கோல் வைத்து ஒரே மாதிரி நேராகப் போடுவது பார்க்க அழகாக இருக்கும், முட்டிக்கு அது பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள், நானும்தான். பெடலில் கிளீட் எப்போதும் நேராகத்தான் உட்காரும், அதற்கேற்ப ஷூதான் திரும்பும். அதனால் எல்லாமே எதிர்ப்பக்கம் வேலை செய்யும். கிளீட்டின் மூக்கைச் சுண்டுவிரல் பக்கம் திருப்பினால், மாட்டியதும் கால்விரல்கள் உள்ளே வரும், குதிகால் வெளியே போகும். கிளீட்டைப் பெருவிரல் பக்கம் நகர்த்தினால் பாதம் கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் கம்பியை, விட்டு விலகும். கிளீட்டைப் பின்னால் தள்ளினால் பாதம் பெடலுக்கு மேல் முன்னே போகும்.

குதிகால் கிராங்கில் இடிக்கிறது என்பவர்களுக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

நகர்த்துவதற்கு முன் கிளீட்டைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதுவும் ஓரிரு மில்லிமீட்டர். ஒரே நாளில் இருக்கையை உயர்த்தி, கிளீட்டைத் திருப்பி, உள்ளங்காலணியையும் மாற்றினால், வலி போனாலும் எதனால் போனது என்று தெரியாது, கூடினாலும் தெரியாது. இருக்கை என்றதும் நினைவுக்கு வருகிறது: முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் இருக்கை தாழ்ந்திருக்கிறதா, பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஷூ மாற்றியதும் அடிப்பாகத்தின் தடிமன் மாறும், அதோடு இருக்கை உயரமும் மாறியதாகத்தான் அர்த்தம். தடித்த ஷூவிலிருந்து மெல்லிய ரோடு ஷூவுக்கு வந்தவர் இருக்கையைக் கொஞ்சம் இறக்கத்தான் வேண்டியிருக்கும்.

பாதம் மரத்துப்போகிறது, அல்லது ஒரே இடத்தில் எரிகிறது

வாரைத் தளர்த்துங்கள். உண்மையாகவே முதல் வைத்தியம் அதுதான். ஓட்ட ஓட்டப் பாதம் கொஞ்சம் வீங்கும். காலையில் கச்சிதமாக இருந்தது மதியம் நெரிக்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஷூவின் முன்பாகம் குறுகல், அல்லது கிளீட் அளவுக்கு மீறி முன்னால் இருக்கிறது. பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் ஷூவுக்கு மேலாகவே தடவிக் கண்டுபிடித்துப் பக்கவாட்டில் குறி போடுங்கள். பெடலின் அச்சு அந்த இரண்டு குறிகளுக்கு நடுவே எங்காவது வர வேண்டும். எரிச்சல் உள்ளவர்கள் அதற்கும் சற்றுப் பின்னால் தள்ளிப் பார்க்கலாம். மெத்தென்ற அடிப்பாகம் உள்ள ஷூவில் சின்ன எஸ்பிடி கிளீட்டைப் போட்டால் கிளீட் இருக்கும் இடம் மட்டும் பாதத்தில் குத்துவதுபோல் தெரியும். அதற்கு நகர்த்தி ஒன்றும் ஆகாது, விறைப்பான அடி உள்ள ஷூதான் மருந்து.

டக் டக், கீச் கீச்

முதலில் சாதாரண செருப்பு அல்லது ஓட்ட ஷூ போட்டுக்கொண்டு அதே பெடலை மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி கிளீட் பக்கம். நிற்கவில்லை என்றால் பெடல், கிராங்க், அதற்கும் உள்ளே இருக்கும் பேரிங் என்று போக வேண்டும்.

கீச் கீச் என்றால் பெரும்பாலும் காய்ந்த பிளாஸ்டிக் கிளீட் உலோகத்தில் உரசுவது. கிளீட்டும் பெடலும் தொடும் இடங்களைத் துடைத்துவிட்டு, மெழுகுவத்தியைத் தேய்த்தாலே அடங்கும். கிரீஸ் பூசாதீர்கள், தெருப் புழுதியெல்லாம் அங்கே குடியேறிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் டக் என்றால் கிளீட் போல்ட் இளகியிருக்கலாம், அல்லது பெடல் மரை காய்ந்திருக்கலாம். பெடலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி மறுபடி பூட்டுங்கள். பெடலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது தளதளவென்று ஆடினால் அது பேரிங்.

பெடலைக் கழற்ற முடியவில்லை, அல்லது பூட்ட முடியவில்லை

மரை கழன்றவன் என்று திட்டுவோமே, அந்த மாதிரி ஆவதற்கு மிகச் சுலபமான இடம் இது. வலது பெடலுக்குச் சாதாரண மரை, இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. ஓட்டும்போது பெடல் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அச்சின் முனையில் எல், ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். கழற்ற 15 மி.மீ. ஸ்பானர், அல்லது உள்பக்கமிருந்து 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ. ஸ்பானர் என்றால் அதைப் பெடலுக்கு மேலே நேராக நிற்கும்படி வைத்து, கைப்பிடியைப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பக்கமும் இளகும். இதை மட்டும் நினைவில் வைத்தால் வலதா இடதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பூட்டும்போது முதல் மூன்று சுற்றாவது விரலாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் ஸ்பானரை எடுக்காதீர்கள். பக்கம் மாறியிருக்கும், அல்லது சாய்வாகப் பிடித்திருக்கும், அல்லது அளவே வேறு. பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் மரை 9/16 அங்குலம், ஒரே வளைந்த கம்பியாகச் செய்த கிராங்க் உள்ள சைக்கிள்களில் ½ அங்குலம். பலத்தால் ஏற்றினால் அலுமினியக் கிராங்கின் மரை சீவிக்கொண்டு போய்விடும். அப்புறம் உள்ளே புது மரை வளையம் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கிளீட் போல்ட்டின் ஆலன் குழி மண்ணால் அடைந்திருந்தால் ஊசியால் சுத்தமாக நோண்டி எடுத்த பிறகே சாவியை நுழையுங்கள். அரைகுறையாக நுழைத்துத் திருகியதில்தான் குழி வட்டமாகிப்போகிறது. அப்படி ஆகிவிட்டால், ரம்பத்தால் தலையில் ஒரு வெட்டு போட்டு ஸ்க்ரூடிரைவரால் திருகிப் பார்க்கலாம், அதற்கும் வரவில்லை என்றால் தலையைத் துளைத்து எடுக்க வேண்டியதுதான்.

கிளீட்டே வேண்டாம், ஆனால் கால் வழுக்குகிறது

கிளீட் எல்லோருக்கும் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நகரத்துக்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டுபவருக்கும், கால் ஊன்ற வேண்டிய கரடுமுரடான இடத்தில் ஓட்டுபவருக்கும் தட்டைப் பெடல் நன்றாகவே இருக்கும். வழுக்குகிறது என்றால் பெரும்பாலும் கடினமான ஷூவும் மொழுக்கென்ற பிளாஸ்டிக் பெடலும் சேர்ந்திருக்கும். ரப்பர் மிருதுவாக, தட்டையாக, ஆழமான பல் இல்லாமல் இருக்க வேண்டும். ஓட்ட ஷூவின் ஆழமான பள்ளங்களில் பெடலின் முள் சரியாகப் பதியாது, அதன் மெத்தை அடிப்பாகம் மிதிக்கும் பலத்தையும் தின்றுவிடும். நடுவில் சற்றுக் குழிந்து, ஓரத்தில் உலோக முள் வைத்த பெடல் காலைக் கவ்விப் பிடிக்கும். கவ்வும் முள் கால் தவறினால் முன்னெலும்புத் தோலையும் உரிக்கும், சொல்லிவிட்டேன். முட்கள் திருகிக் கழற்றக்கூடியவை என்றால் உயரமானவற்றில் சிலவற்றை எடுத்துவிடலாம். ஷூ நாடாவின் நுனியை உள்ளே சொருகிவிடுங்கள். வலது கால் நாடா சங்கிலிக்குள் போனால் அதைப் போல் ஒரு பிடிப்பு எந்தக் கிளீட்டிலும் கிடைக்காது.

கிளீட் போட்ட ஷூவோடு தட்டைப் பெடலை மிதிக்கிறீர்களா? உலோகத்தின் மேல் உலோகம், வழுக்கத்தான் செய்யும். ஒரே ஷூவோடு இரண்டும் வேண்டும் என்றால் ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் தட்டை என்று இரட்டை முகப் பெடல் கிடைக்கிறது. அதில் எழும் ஒரே தொல்லை, கிளம்பும்போது எப்போதும் தப்பான முகம்தான் மேலே இருக்கும்.